போலீஸும் ஓட்டினாங்க... திருடனும் ஓட்டினான்! 60-களைக் கலக்கிய ஜாகுவார் மார்க் 2: அந்த மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஏன் இன்றும் இவ்வளவு மவுசு?

ஒரே நிறம், ஒரே வருடம், ஒரே இஞ்சின். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பழைய ஜாகுவார் கார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால், வாங்க வருபவர் முதலில் பானட்டைத் திறந்து, உள்ளே இருக்கும் தகட்டில் சேஸிஸ் நம்பரைத்தான் பார்ப்பார். அதன் கடைசியில் 'டிஎன்' என்று இரண்டு எழுத்து இருந்தால் முகம் மலரும். 'பிடபிள்யூ' என்று இருந்தால் பேரம் வேறு மாதிரி போகும்.

அறுபது வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காருக்கு, இரண்டே எழுத்தில் மதிப்பு ஏறி இறங்குமா? ஏறும், இறங்கும். அந்த எழுத்துகள் சொல்வது அந்தக் காரின் கியர்பாக்ஸைத்தான்.

ஜாகுவார் மார்க் 2. 1959 முதல் 1967 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் தயாரான நான்கு கதவு சொகுசு செடான். கம்பெனி டைரக்டரும் வாங்கினார், டாக்டரும் வாங்கினார், நெடுஞ்சாலை போலீஸும் வாங்கியது. பேங்க் கொள்ளைக் கும்பலுக்கும் இதுதான் ஃபேவரைட்! அப்படி என்னதான் இருந்தது இந்தக் காரில்? பார்க்கலாம் வாங்க.

எங்கிருந்து வந்தது?

ஜாகுவார் நிறுவனத்தைத் தொடங்கிய வில்லியம் லயன்ஸ், 1922-ல் பிளாக்பூலில் மோட்டார் சைக்கிளுக்கு சைடு கார் செய்து விற்க ஆரம்பித்தவர். படிப்படியாக கார் தயாரிப்புக்கு வந்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு நிறுவனத்தின் பெயர் 'எஸ்எஸ் கார்ஸ்'. போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் அந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்பது உலகத்துக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெயரில் யார் கார் வாங்குவார்கள்? 1945-ல் 'ஜாகுவார் கார்ஸ்' என்று பெயர் மாறியது.

போர் நடந்துகொண்டிருந்தபோதே, குண்டு விழுந்தால் தீயணைப்பதற்காகத் தொழிற்சாலையில் இரவுக் காவல் இருந்த லயன்ஸும் அவருடைய இன்ஜினீயர்களும் ஒரு இஞ்சினைப் பற்றிப் பேசிப் பேசியே வடிவமைத்தார்கள். வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோர்தான் அந்தக் குழு. அதுதான் 'எக்ஸ்கே' இஞ்சின். வரிசையாக ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். அந்தக் காலத்தில் இரட்டை கேம் ஷாஃப்ட் என்பது ரேஸ் காருக்கும், மிக விலை உயர்ந்த கார்களுக்கும் மட்டுமே உரிய சமாச்சாரம். அதை ஆயிரக்கணக்கில் தயாரித்து ஷோரூமில் விற்க முடியும் என்று லயன்ஸ் நம்பினார்.

நம்பிக்கை வீண் போகவில்லை. 1948-ல் எக்ஸ்கே 120 ஸ்போர்ட்ஸ் காரில் அறிமுகமான இந்த இஞ்சின் குடும்பம், 1951 முதல் 1957 வரை லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸில் ஐந்து முறை ஜெயித்தது. 1992-ல் டெய்ம்லர் லிமோசின் நிற்கும் வரை உற்பத்தியிலும் இருந்தது. ஒரு இஞ்சினுக்கு 40 வருஷத்துக்கு மேல் ஆயுள்! கார் உலகில் இது அடிக்கடி நடக்கும் விஷயம் இல்லை.

அந்த இஞ்சினைச் சின்ன உடம்பில் வைத்தால்? அப்படி 1955-ல் வந்ததுதான் '2.4 லிட்டர்' செடான். ஜாகுவாரின் முதல் மோனோகாக் கார் இது. அதாவது தனி சேஸிஸ் மேல் பாடியை உட்கார வைக்காமல், பாடியே சேஸிஸாக வேலை செய்யும் அமைப்பு. 1957 பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் பெரும் தீவிபத்து நடந்தது. ஆனாலும் அதே ஆண்டில் 3.4 லிட்டர் மாடலையும் இறக்கிவிட்டார்கள்.

வேகம் இருந்தது... ஆனால் ஒரு சிக்கலும் இருந்தது

இன்று 'மார்க் 1' என்று அழைக்கப்படும் இந்த முதல் மாடலில் பின் சக்கரங்களுக்கு இடையிலான அகலம், முன் சக்கரங்களைவிட சுமார் 11 செ.மீ. குறைவு. 2.4 லிட்டர் இஞ்சினுக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. 210 குதிரைத்திறன் கொண்ட 3.4 இஞ்சின் வந்ததும், ஈரமான ரோட்டில் இந்தக் காரை ஓட்ட கை பழக வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. கதவு ஃபிரேமும் கண்ணாடித் தூண்களும் தடிமன் வேறு. உள்ளே உட்கார்ந்தால் வெளியே பார்ப்பது சற்று சிரமம்.

1959 ஜனவரி 22. பிரிட்டனின் முதல் ஃபார்முலா 1 உலக சாம்பியனான மைக் ஹாத்தோர்ன், தன் சொந்த 3.4 ஜாகுவாரை கில்ஃபோர்டு பைபாஸில் வேகமாக ஓட்டிச் சென்றபோது விபத்தில் உயிரிழந்தார். வயது 29. பட்டம் வென்ற கையோடு ரேஸிங்கிலிருந்து ஓய்வு பெற்றிருந்தவர் அவர். ரோடு ஈரமாக இருந்தது. அவருடைய காரும் சாதாரண ஷோரூம் கார் இல்லை, கூடுதல் வேகத்துக்காக மாற்றியமைக்கப்பட்டது. விபத்துக்குக் காரணம் காரா, ரோடா, வேகமா என்ற விவாதம் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

மார்க் 2 அந்த விபத்துக்கு முன்பே உருவாகிக்கொண்டிருந்த கார். எனவே 'ஹாத்தோர்ன் மரணத்தால்தான் மாற்றினார்கள்' என்று சொல்வது சரியாக இருக்காது. ஆனால், 1959 அக்டோபரில் மார்க் 2 வந்தபோது குறைகள் பெரும்பாலும் சரி செய்யப்பட்டிருந்தன. பின் சக்கர அகலம் சுமார் 8 செ.மீ. கூடியது. தூண்கள் மெலிந்தன, கண்ணாடிகள் பெரிதாகின. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் வழக்கமான அம்சமாகவே வந்தது.

இந்த டிஸ்க் பிரேக் விஷயத்தை லேசாகக் கடந்து போக முடியாது. 1959-ல் பெரும்பாலான கார்கள் டிரம் பிரேக்கில்தான் ஓடின. மலையிறக்கத்தில் நான்கைந்து முறை அழுத்திப் பிடித்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிப்பே குறைந்துவிடும். டிஸ்க் பிரேக்கில் தட்டு வெளியே காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் ஆறிவிடும். ஜாகுவார் இதை ரேஸ் டிராக்கிலேயே பரிசோதித்திருந்தது. 1953-ல் டிஸ்க் பிரேக்கோடு வந்த சி-டைப் கார்தான் லெ மான்ஸில் ஜெயித்தது. ஆறே வருஷத்தில் அது குடும்பத்தோடு போகும் செடானுக்கு வந்துவிட்டது.

மூணு இஞ்சின்... மூணு கியர்பாக்ஸ்

வாடிக்கையாளர் 2.4, 3.4, 3.8 லிட்டர் என்று மூன்று இஞ்சினில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். குதிரைத்திறன் முறையே 120, 210, 220. 3.8-ல் பின் சக்கரங்கள் தனியாகச் சுழன்று வழுக்காமல் இருக்க லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும் கூடவே வந்தது. 2.4 கொஞ்சம் சாது. அழகு அதே அழகுதான், ஆனால் ஒன்றரை டன் எடையை இழுக்க அந்த இஞ்சின் மூச்சு வாங்கும் என்பதை ஜாகுவார் ரசிகர்களே ஒத்துக்கொள்வார்கள்.

கியர்பாக்ஸிலும் மூன்று வகை. சாதாரண நான்கு கியர் மேனுவல், அதோடு 'ஓவர்டிரைவ்' சேர்ந்த மேனுவல், மூன்றாவதாக போர்க்-வார்னர் ஆட்டோமேட்டிக். இந்த இரண்டாவது வகைதான் கதாநாயகன்.

3.8 இஞ்சின், ஓவர்டிரைவ் மேனுவல் கூட்டணியில் இந்த கார் அதிகபட்சமாக மணிக்கு 125 மைல், அதாவது சுமார் 200 கி.மீ. வேகம் போனது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட 8.5 விநாடி. மர டேஷ்போர்டும் தோல் சீட்டும், முன் சீட்டின் முதுகில் மடக்கும் மேஜையும் கொண்ட ஒரு ஃபேமிலி கார் 1960-ல் இதைச் செய்தது என்பதை மறந்துவிடக் கூடாது. வரியோடு சேர்த்து விலை 2,000 பவுண்டுக்குள். இதே வேகமும் இதே வசதியும் கொண்ட வேறு கார் வேண்டுமென்றால் பாக்கெட்டில் இன்னும் நிறைய பணம் இருக்க வேண்டும். லயன்ஸின் வியாபார ரகசியமே இதுதான்.

முதல் கியர் போட்டால் 'கிர்ர்ர்'... ஏன்?

இவ்வளவு பெருமை பேசப்படும் மேனுவல் கியர்பாக்ஸ், உண்மையில் ஒரு முரட்டுக் குழந்தை. 'மாஸ்' என்ற நிறுவனத்தின் பெயரால் மாஸ் கியர்பாக்ஸ் என்பார்கள். இதில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கியருக்கு சின்க்ரோமெஷ் உண்டு. முதல் கியருக்குக் கிடையாது!

சின்க்ரோமெஷ் என்றால்? கியர்பாக்ஸுக்குள் இரண்டு பல்சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றை அப்படியே இணைத்தால் பல்லோடு பல் மோதி 'கிர்ர்ர்' என்று சத்தம் வரும். இணைவதற்கு முன்பு, உரசி உரசி இரண்டின் வேகத்தையும் சமமாக்கும் சின்ன ஏற்பாடுதான் சின்க்ரோமெஷ். இன்றைய கார்களில் எல்லா முன்னோக்கு கியருக்கும் இது இருப்பதால் நமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

மார்க் 2-வில் முதல் கியர் போட ஒரு வித்தை வேண்டும். சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்து, முதலில் லீவரை லேசாக இரண்டாவது கியர் பக்கம் தொட்டுவிட்டு, அதன் பிறகு முதல் கியருக்குத் தள்ளணும். இரண்டாவது கியரின் சின்க்ரோமெஷ் உள்ளே சுழலும் சக்கரங்களை நிறுத்திவிடும். முதல் கியர் சத்தமில்லாமல் விழும். ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் கியருக்கு இறங்க வேண்டுமென்றால் டபுள் கிளட்ச்தான் வழி. கிளட்ச் மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து கியர். பழைய லாரி ஓட்டிய டிரைவர்களைக் கேட்டால் தூக்கத்தில்கூடச் செய்து காட்டுவார்கள்.

மற்ற கியர்களும் அவசரத்துக்கு ஒத்துவராது. லீவரைப் படபடவென்று இழுத்தால் முரண்டு பிடிக்கும். ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது அரை நொடி நிதானித்து, பிறகு தள்ளினால் வெண்ணெய் மாதிரி போகும். முதல் கியரில் போகும்போது ஊளையிடும் சத்தம் வேறு. 'சொகுசு கார்ல இப்படி ஒரு கியர்பாக்ஸா?' என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. ஒருவழியாக 1965-ல்தான் எல்லா கியருக்கும் சின்க்ரோமெஷ் கொண்ட ஜாகுவாரின் சொந்த கியர்பாக்ஸ் இந்த காருக்கு வந்தது. ஆறு வருஷம் லேட்!

இன்று ஓட்ட சுகமான மார்க் 2 வேண்டும் என்று தேடுபவர்கள் 1965-க்குப் பிறகு வந்த காரைப் பார்ப்பதற்கு இதுதான் காரணம். ஆனால் அங்கேயும் ஒரு 'ஆனால்' இருக்கிறது. 1966-ல் செலவைக் குறைக்க, தோல் சீட்டை ஆப்ஷனாக மாற்றி, வழக்கமான சீட்டுக்கு செயற்கைத் தோல் போட்டார்கள். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கும் காரில் சீட் சுமார், சீட் நன்றாக இருக்கும் காரில் கியர்பாக்ஸ் முரடு. நடுவில் சில மாதங்கள் தயாரான கார்களில்தான் இரண்டும் ஒருசேர அமைந்தன.

ஓவர்டிரைவ்: ஐந்தாவது கியர் இல்லாத காலத்து ஐந்தாவது கியர்

மார்க் 2 அறிமுகமான சில வாரங்களில், 1959 நவம்பர் 2-ம் தேதி, பிரிட்டனின் எம்1 மோட்டார்வேயின் முதல் நீண்ட பகுதி திறக்கப்பட்டது. சிக்னல் கிடையாது, குறுக்கு ரோடு கிடையாது. வேகக் கட்டுப்பாடும் கிடையாது! 1965 டிசம்பரில்தான் மணிக்கு 70 மைல் என்ற வரம்பு சோதனை முறையில் வந்தது. அதுவரை உங்க கார் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு போகலாம்.

பல கார்கள் தாங்கவில்லை என்பதுதான் உண்மை. கிராமத்து வளைவு ரோடுகளுக்காகச் செய்யப்பட்ட கார்களை மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓட்டினால் இஞ்சின் கொதித்தது, பேரிங் போனது. இங்கேதான் ஓவர்டிரைவ் கைகொடுத்தது.

லேகாக் டி நார்மன்வில் என்ற வகை ஓவர்டிரைவ் இது. 'டிஎன்' என்ற எழுத்துகள் அந்த டி நார்மன்விலிலிருந்து வந்தவைதான். ('பிடபிள்யூ' என்றால் போர்க்-வார்னர், அதாவது ஆட்டோமேட்டிக்.) கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் தனி யூனிட் இது. உள்ளே நடுவில் ஒரு சூரியச் சக்கரம், அதைச் சுற்றி வரும் கிரகச் சக்கரங்கள், வெளியே ஒரு வளையச் சக்கரம். நான்காவது கியரில் போகும்போது ஸ்டீயரிங் அருகே உள்ள சின்ன லீவரைத் தட்டினால் மின்சார சோலினாய்டு ஒரு வால்வைத் திறக்கும். எண்ணெய் அழுத்தம் ஒரு கூம்பு வடிவ கிளட்சைத் தள்ளும். சூரியச் சக்கரம் பிடித்து நிறுத்தப்படும். உடனே உள்ளே வரும் வேகத்தைவிட வெளியே போகும் தண்டு அதிக வேகத்தில் சுழல ஆரம்பிக்கும்.

பலன் என்ன? இதன் விகிதம் 0.778. அதாவது அதே வேகத்தில் கார் போக, இஞ்சின் சுமார் 22 சதவீதம் குறைவாகச் சுழன்றால் போதும். தோராயமாகக் கணக்குப் போட்டால், மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் நிமிஷத்துக்கு 3,300 சுற்று சுற்றும் 3.8 இஞ்சின், லீவரைத் தட்டியதும் 2,600 சுற்றுக்கு இறங்கிவிடும். சத்தம் அடங்கும். தேய்மானம் குறையும். பெட்ரோலும் மிச்சமாகும். கிளட்சை மிதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் கூடுதல் சுகம். முன்னால் போகும் லாரியை முந்தணுமா? விரலால் மறுபடி ஒரு தட்டு... இஞ்சின் துள்ளி எழும்.

மைலேஜ் எவ்வளவு என்று கேட்கக் கூடாது. கேட்டால், 3.8-க்கு லிட்டருக்கு 5 முதல் 6 கி.மீ. வரை. டேங்க் கொள்ளளவு சுமார் 54 லிட்டர்தான். 300 கி.மீ.க்கு ஒருமுறை பங்க் தேடியாகணும்.

ஓவர்டிரைவில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. அது இயங்கும் நிலையில் ரிவர்ஸ் எடுத்தால் யூனிட்டே உடைந்துபோகலாம். அதனால்தான் டாப் கியரில் மட்டும் மின்சாரம் போகும்படி கியர்பாக்ஸில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். பழைய காரில் யாராவது வயரிங்கை 'நான் சரி பண்றேன்' என்று கை வைத்து, இந்த சுவிட்சைத் தாண்டி இணைத்திருந்தால் சங்குதான். வாங்குபவர் இதைக் கட்டாயம் சோதிக்கணும்.

போலீஸ் - திருடன் ஆட்டம்

எம்1 திறந்ததும் வேகமாகப் பறக்கும் கார்களைப் பிடிக்க போலீஸுக்கும் வேகமான கார் தேவைப்பட்டது. பிரிட்டனின் பல காவல் படைகள் மார்க் 2-வை வாங்கின. அதே நேரம், நான்கைந்து பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு சீறிப் பாயும் கார் கொள்ளையர்களுக்கும் தேவைப்பட்டதே... திருடிய ஜாகுவாரில் திருடப் போவது அந்தக் காலத்து லண்டன் கும்பல்களின் வழக்கம். துரத்துவதும் ஜாகுவார், ஓடுவதும் ஜாகுவார். பிறகு வந்த டிவி, சினிமாக்களில் இந்தக் காட்சி தேய்ந்த ரெக்கார்டு ஆகிவிட்டது.

ஒரு குட்டித் தகவல். 1987 முதல் 2000 வரை பிரிட்டிஷ் டிவியில் வந்த 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரில் ஹீரோ ஓட்டும் சிவப்பு மார்க் 2 உலகப் பிரபலம். ஆனால் அதற்கு மூலமான காலின் டெக்ஸ்டரின் முதல் நாவல்களில் மோர்ஸ் ஓட்டியது லான்சியா கார்! டிவியில் ஜாகுவார் ஹிட் ஆனதும் நாவலிலும் காரை மாற்றினார்கள். இன்னொரு விஷயம், அந்த டிவி கார் 2.4 லிட்டர், அதாவது மூன்றில் மிகவும் மெதுவானது. கேமராவுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

ரேஸ் டிராக்கிலும் இந்தச் செடான் சும்மா இருக்கவில்லை. பிரான்ஸ் நாட்டைச் சுற்றி நடக்கும் 'டூர் டி பிரான்ஸ்' கார் பந்தயத்தில் பெர்னார்ட் கோன்ஸ்டன் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு முறை டூரிங் பிரிவில் மார்க் 2-வோடு ஜெயித்தார். 1963-ல் முதல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன் பட்டத்தை ஜெர்மனியின் பீட்டர் நோக்கர் வென்றதும் இதே 3.8-ல்தான். பிரிட்டனில் மட்டும் அதே ஆண்டு கதை மாறியது. 7 லிட்டர் இஞ்சினோடு அமெரிக்காவின் ஃபோர்டு கேலக்ஸி வந்து இறங்க, ஜாகுவாரின் ராஜ்ஜியம் முடிவுக்கு வந்தது.

துருதான் முதல் எதிரி

மார்க் 2 மொத்தம் 83 ஆயிரத்துக்கும் மேல் தயாரானது. அதில் 3.8 மட்டும் சுமார் 30 ஆயிரம். 1967-ல் பம்பரை மெலிதாக்கி, சில வசதிகளைக் குறைத்து '240', '340' என்று பெயர் மாற்றினார்கள். 1968-ல் எக்ஸ்ஜே6 வந்ததும் 340 நின்றது, 1969-ல் 240-ம் விடைபெற்றது.

அதற்கடுத்த பத்து வருஷம் இந்த கார்களுக்குப் போதாத காலம். பெட்ரோல் விலை ஏற, யாருக்கும் வேண்டாத பழைய காராகிப் போனது. பெரிய பகை துரு. மோனோகாக் பாடி என்று மேலே பார்த்தோமே... அங்கேதான் வினை. தனி சேஸிஸ் இருந்தால் பாடி துருப்பிடித்தாலும் கார் நிற்கும். இங்கே பாடியேதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பொருந்தும் இடம், டிக்கிக்குள் ஸ்டெப்னி உட்காரும் குழி ஆகியவை அரித்துப்போனால் காரின் எலும்பே போன மாதிரி. மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்து பளபளவென்று காட்டிவிடலாம். கண்ணாடி மாதிரி மின்னும் பெயின்ட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய பேர். இஞ்சினைப் பிரித்து மேய்வதைவிட பாடி வேலைக்குத்தான் செலவு எகிறும்.

போலி 'டிஎன்' - எப்படிக் கண்டுபிடிப்பது?

இப்போது முதலில் சொன்ன இரண்டு எழுத்துக்கு வருவோம். மதிப்பு அதிகம் என்பதால், ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றுவதும், 2.4 காரில் 3.8 இஞ்சினைத் தூக்கி வைப்பதும் சகஜம். மூன்றும் ஒரே இஞ்சின் குடும்பம் என்பதால் வேலை ஒன்றும் கஷ்டமில்லை. மாற்றுவது தப்பே இல்லை. ஓட்டுபவருக்கு அது நல்ல காராகவே இருக்கலாம். மாற்றியதை மறைத்து, 'கம்பெனியிலிருந்து வந்ததே இப்படித்தான்' என்று விற்றால்தான் மோசடி.

காரே சில தடயங்களை வைத்திருக்கிறது. சேஸிஸ் நம்பரைப் பாருங்க. வலது பக்க ஸ்டீயரிங் கொண்ட மார்க் 2-வில் 2.4-க்கு 100001-லிருந்தும், 3.4-க்கு 150001-லிருந்தும், 3.8-க்கு 200001-லிருந்தும் நம்பர் தொடங்கும். 1-ல் ஆரம்பிக்கும் சேஸிஸில் 3.8 இஞ்சின் இருந்தால் அது பிறகு வந்து சேர்ந்தது. நம்பரின் முன்னால் 'பி' என்று இருந்தால் பவர் ஸ்டீயரிங்கோடு பிறந்த கார். பின்னால் 'டிஎன்' என்றால் ஓவர்டிரைவ், 'பிடபிள்யூ' என்றால் ஆட்டோமேட்டிக், எதுவும் இல்லையென்றால் ஓவர்டிரைவ் இல்லாத சாதாரண மேனுவல். இஞ்சின் நம்பருக்குப் பின்னால் வரும் 8 அல்லது 9 என்ற எண் கம்ப்ரெஷன் விகிதத்தைச் சொல்லும்.

தகட்டையே மாற்றிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி இருக்கிறது. ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் உள்ளன. காரின் நம்பரைக் கொடுத்தால், அது எந்த நிறத்தில், எந்த இஞ்சின் நம்பரோடு, எந்த நாளில் வெளியே வந்தது என்பதற்கு சான்றிதழ் தருவார்கள். பிரவுன்ஸ் லேனில் 2005-லேயே கார் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்தப் பதிவேட்டில் இருக்கும் வரிகள் இன்றும் ஒரு காரின் தலையெழுத்தை முடிவு செய்கின்றன.

ஆட்டோமேட்டிக் மார்க் 2 மோசமான கார் என்று நினைத்துவிட வேண்டாம். டவுனுக்குள் நிதானமாகப் போக அதுவும் சுகம்தான். பவர் ஸ்டீயரிங் இல்லாத மார்க் 2-வை பார்க்கிங்கில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு, அதோடு கனமான கிளட்சும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனால் அந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக், எக்ஸ்கே இஞ்சினின் துடிப்பைப் பாதி விழுங்கிவிடும். ஓட்டுவதற்காகவே வாங்குபவர்கள் முரட்டு மாஸ் பாக்ஸானாலும் பரவாயில்லை, மேனுவல்தான் வேணும் என்பதற்கு இதுவே காரணம்.

இன்றைய நிலை என்ன?

பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய கார்களுக்கு சாலை வரி கிடையாது. அடிப்படையில் மாற்றம் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய எம்ஓடி தகுதிச் சோதனையிலிருந்தும் 2018 முதல் விலக்கு உண்டு. லண்டனின் புகை மாசுக் கட்டண மண்டலத்திலும் இவற்றுக்கு விதிவிலக்கு. அதனால் அங்கே மார்க் 2 இன்னும் ரோட்டில் ஓடுகிறது. உதிரி பாகங்களும் பெரும்பாலும் கிடைக்கின்றன.

ஜாகுவார் இப்போது இந்தியாவின் டாடா குழுமத்தின் கையில் இருப்பது பலருக்கும் தெரியும். 2008-ல் ஃபோர்டு நிறுவனத்திடமிருந்து லேண்ட் ரோவரோடு சேர்த்து 230 கோடி டாலருக்கு வாங்கினார்கள். ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் புதிய ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் ஜாகுவார், பிரிட்டனில் தன் புதிய கார் விற்பனையை நிறுத்திக்கொண்டு, முழுக்க முழுக்க மின்சார சொகுசு கார் நிறுவனமாக மாறப்போவதாக அறிவித்து ஒரு மாதிரி காரையும் காட்டியது. அந்த மின்சார காரில் கிளட்ச் இல்லை, கியர் லீவர் இல்லை, தட்டுவதற்கு ஓவர்டிரைவ் சுவிட்சும் இல்லை.